உஸ்ஸ்ஸ்... என்றது, நின்றது! - ஒரு டர்போ வால்வின் முன்கதை

படிப்பது பி.காம்., எழுதப்போவதோ டர்போ எஞ்சின் பற்றி. "உனக்கு ஏம்ல இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். என் பெரியப்பா மகன்.

அண்ணன் போன வருடம் ஒரு பழைய பெட்ரோல் டர்போ கார் வாங்கினான். இரண்டாம் கையோ மூன்றாம் கையோ, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவனுக்கு ஒரு குறை: சத்தம் வரவில்லையாம்! கியர் மாற்றும்போது "உஸ்ஸ்ஸ்" என்று காற்று பீய்ச்சும் சத்தம். அதற்காகவே தனியாக ஒரு வால்வு வாங்கி, ஓர் ஊரில் ஒரு கடையில் பொருத்திக்கொண்டு வந்தான். திருச்செந்தூர் ரத வீதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு மாடுகளும் நான்கு கல்லூரிப் பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

மூன்றாம் நாள் வண்டி நின்று போனது. சிக்னலுக்காகவோ வேகத்தடைக்காகவோ கிளட்சை மிதித்தால் போதும், ஆர்.பி.எம். முள் சரிந்து, ஒரு குலுக்கு குலுக்கி, ஆஃப்! மறுபடி சாவி போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய இரவுதான் பயம் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வருகிறோம். குரும்பூர் தாண்டி, ரோட்டின் ஓரமெல்லாம் பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டிய பாதயாத்திரை பக்தர்கள். ஒரு வளைவில் அண்ணன் வேகத்தைக் குறைக்கக் கிளட்சை மிதித்தான். உஸ்ஸ்ஸ்... எஞ்சின் ஆஃப். ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங்குக்கு உதவி கிடையாது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சமிருக்கும். முதல் மிதியிலேயே வண்டி நின்றது, முருகன் புண்ணியம். முன்னால் தலையில் பையோடு நடந்துகொண்டிருந்த பாட்டிக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே எத்தனை அடி இருந்தது என்று நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் இந்த வால்வு எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட இது நூறு வருடக் கதை என்று தெரிந்தது.

முதலில் டர்போ. ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905 நவம்பரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையில் இன்னும் பலம் இருக்கிறது. அதை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளினால், அதே எஞ்சின் அதிகம் எரிக்கும், அதிகம் இழுக்கும். அவ்வளவுதான் தத்துவம். (அதற்கு அடுத்த ஆண்டு, 1906-இல், நம் தூத்துக்குடியில் வ.உ.சி. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் மூலதனம் என்று சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். காமர்ஸ் மாணவன் என்பதால் இந்தக் கணக்கை எழுதாமல் கை நகரவில்லை!)

காப்புரிமை வாங்கியதும் உலகம் ஓடிவந்து வாங்கிவிடவில்லை. அந்த வெப்பத்தையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. முதல் பெரிய சோதனை விமானத்துக்காக நடந்தது. 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் காற்று மெலிந்ததால் 230-தான் தந்தது. டர்போ மாட்டியதும் 356! 1920-களின் நடுவில் பூஹியின் முறை இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் ஏறி, 1,750 குதிரைத்திறனை 2,500 ஆக்கியது. அதற்குப் பிறகு கப்பல்காரர்கள் விடவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் டர்போ இல்லாத பிரதான எஞ்சினைத் தேடிப் பார்த்தாலும் கிடைப்பது கஷ்டம்.

நம் ஊருக்கு டர்போ எப்போது வந்தது? ரயிலில் வந்தது என்பதுதான் என் பதில். திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை 1923-இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதையாக மாறியது 2008-இல். மீட்டர் கேஜ் காலத்தின் பின்பகுதியில் ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினுக்குள் இருந்தது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த ஆறு சிலிண்டர் டர்போ டீசல், சுமார் 1,400 குதிரைத்திறன். ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பும்போது கன்னங்கரேலென்று புகை கக்குமே, நினைவிருக்கிறதா? பெரியப்பா அதைப் பார்த்து "கரி எஞ்சினை எடுத்துட்டான்னு யாருல சொன்னது?" என்பாராம். அந்தப் புகைக்குக் காரணமே டர்போதான். டிரைவர் திராட்டிலைத் திறந்ததும் டீசல் உடனே உள்ளே போய்விடும். ஆனால் டர்போ சக்கரம் வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை காற்று போதாது. முழுதாக எரியாத டீசல் கரியாக வெளியே வரும். 'டர்போ லேக்' என்று கார் பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். காயல்பட்டினம், ஆறுமுகநேரி ஸ்டேஷன்களில் நின்றவர்கள் அதை மூக்காலேயே படித்திருக்கிறார்கள்!

ஆனால் கவனியுங்கள், அந்த ரயில் எஞ்சினுக்கு அண்ணன் வாங்கின மாதிரி வால்வு எதுவும் கிடையாது. ஏன்? வழக்கமான டீசல் எஞ்சினில் காற்றுப் பாதையை மூடும் தகடு இல்லை. காற்று எப்போதும் தாராளமாகப் போகும். வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவு மட்டுமே. பெட்ரோல் எஞ்சின் அப்படியல்ல. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு தகடு பட்டென்று மூடிக்கொள்ளும். டர்போவோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டு காற்றைத் தள்ளியபடியே இருக்கும். போக வழியில்லாத காற்று திரும்பி வந்து சக்கரத்தின் மேலேயே மோதும். "துடுதுடுதுடு" என்று புறா சிறகடிப்பது போல ஒரு சத்தம் வரும். டர்போவின் வேகமும் விழும், பேரிங்குக்கும் நல்லதல்ல. இந்தக் காற்றுக்கு ஒரு சந்துவழி காட்டத்தான் அந்த வால்வு. தகடு மூடியதும் எஞ்சின் பக்கம் உண்டாகும் வெற்றிடம் ஒரு சின்னக் குழாய் வழியாக வால்வை இழுத்துத் திறக்கும், நெருக்கடி தீரும். சத்தம் போடுவதற்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அதை அண்ணனுக்குச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெட்ரோல் காருக்கு டர்போ வந்தது 1962-இல். ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் என்று இரண்டு கார்கள். இதில் ஜெட்ஃபயரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமுக்கிய காற்று சூடாகி எஞ்சின் 'நாக்' அடிக்காமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளிக்க வேண்டும். அதற்கென்று தனி டேங்க். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர் வேறு. வாங்கினவர்கள் அந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். மறந்தால் எஞ்சினைக் காப்பாற்ற அழுத்தம் தானாகக் குறையும். "கார் இழுக்கவே இல்லை" என்று புகார்! கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. கம்பெனி பொருத்திய டர்போவைக் கம்பெனியே கழற்றிய கதை!

அடுத்து 1973 செப்டம்பரில் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ. முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்து ஒதுங்கட்டும் என்று 'டர்போ' என்ற எழுத்தைத் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக முன் ஸ்பாய்லரில் எழுதினார்கள். அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. 1,672 கார்களோடு கடை மூடப்பட்டது. 1977-இல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்தபோது அது அடிக்கடி புகை விட்டு நின்றதால் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-இல் அதே ரெனோ பிரான்சில் ஜெயித்தது. 1983-இல் நெல்சன் பிக்கே டர்போ காரில் உலக சாம்பியன். கேலி அத்தோடு நின்றது.

சரி, வண்டி ஏன் நிற்கிறது? இதற்கு டர்போவின் வரலாறு போதாது, பெட்ரோல் ஊற்றும் கணக்கின் வரலாறும் வேண்டும். இங்கேதான் எனக்குத் தைரியம் வந்தது, ஏனென்றால் இது அப்பட்டமான கணக்குப்பதிவியல்!

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எனவே எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதற்கு இரண்டு வழிகளைக் கொண்டுவந்தது. 1967-இல் வந்த டி-ஜெட்ரானிக் எஞ்சின் வாசலில், தகட்டுக்கு அப்பால், அழுத்தத்தை அளந்தது. 'டி' என்றால் ஜெர்மன் மொழியில் 'ட்ருக்', அழுத்தம். 1973-இல் வந்த எல்-ஜெட்ரானிக் ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே, நுழைவாயிலில், வரும் காற்றை அளந்தது. 'எல்' என்றால் 'லுஃப்ட்', காற்று. 1980-களின் தொடக்கத்தில் அந்த இடத்தில் சூடான கம்பி ஒன்று வந்தது. போகிற காற்று கம்பியைக் குளிர்விக்கும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதை வைத்துக் காற்றின் எடை கணக்கிடப்படும்.

ஒரு மளிகைக் குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை, குடோனுக்குள் போய் மூட்டையை நேரில் எண்ணுவது. இரண்டாவது முறை, கேட்டில் உட்கார்ந்து 'இன்வர்ட் ரிஜிஸ்டரில்' எழுதுவது. இரண்டாவதுதான் துல்லியம், வேகம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் மூட்டை எதுவும் காணாமல் போகக்கூடாது, எழுதாத மூட்டை எதுவும் பின்வாசல் வழியாக நுழையவும் கூடாது.

கம்பெனி மாட்டிய வால்வு, திறக்கும்போது காற்றை வெளியே விடுவதில்லை. ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக, கேட்டுக்கு உள்பக்கம், டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். கணக்கில் எழுதிய சரக்கு குடோன் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் மாட்டிய வால்வோ உஸ்ஸ்ஸென்று ரோட்டில் கொட்டிவிடுகிறது. ரிஜிஸ்டரில் 100 மூட்டை, குடோனில் 70. கம்ப்யூட்டர் 100-க்கு உரிய பெட்ரோலை ஊற்றும். பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து, ஏற்கெனவே கிளட்ச் மிதித்துச் சரிந்துகொண்டிருக்கிற எஞ்சின் ஐடிலிங்கைப் பிடிக்க முடியாமல் செத்துப்போகும். சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும்தான். ஆனால் அது ஆண்டு இறுதியில் வருகிற ஆடிட்டர் மாதிரி. சரக்கு போன பிறகு வந்து என்ன செய்ய?

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. வால்வின் ஸ்பிரிங் லூசாக இருந்தால், ஐடிலிங்கில் இருக்கும் வெற்றிடமே அதைத் திறந்து வைத்துவிடும். அப்போது ரிஜிஸ்டரில் ஏறாத காற்று வால்வு வழியாகவே உள்ளே நுழையும். காற்று மிகுந்து, ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்கும். அண்ணன் வண்டியில் இரண்டு தப்புமே இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

இப்படி வெளியே விடும் வால்வு எப்படிப் பிரபலமானது? ஜப்பானில் யமஹாவில் வேலை பார்த்த ஹிரோயுகி ஹாசெகாவா 1973-இல் எச்.கே.எஸ். நிறுவனத்தை ஆரம்பித்தார். சாதாரண ரோட்டுக் காரில் மாட்டும் டர்போ கிட்களை விற்று அங்கே ஒரு தொழிலையே வளர்த்தது அது. கூடவே வால்வுகளும் வந்தன. 2001-இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படம், 2003-இல் 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' வீடியோ கேம். உலகத்தின் மூலையெல்லாம் பையன்கள் காதில் அந்த உஸ்ஸ்ஸ் ஏறிவிட்டது. இந்தியாவில் அப்போது டர்போ என்றாலே டீசல்தான். 1998-இல் வந்த டாடா சஃபாரி உட்பட. ஷோரூமில் பெட்ரோல் டர்போ வாங்கலாம் என்றானது 2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்தபோது. சாதாரணப் பட்ஜெட் கார்களில் அது பரவியது 2013-க்குப் பிறகுதான். இப்போது அவை மூன்றாம் கைக்கு வந்து, எங்கள் ஊர் ரத வீதி வரை எட்டியிருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. வண்டியில் பின்னால் எதையாவது மாட்டி, அது நின்று போய், இறங்கிப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதே அல்ல! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தமிழ்நாட்டு பஸ்கள் கரியில் ஓடின. மதுரையின் டி.வி.எஸ். நிறுவனமே 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஓர் உருளை அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டுக் காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு வரும். அதை வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் இந்த வாயுவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று போதும். அந்த அளவை வைக்கச் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. டிரைவர் கையில் ஒரு காற்று வால்வு, அவ்வளவுதான். எஞ்சினின் பலம் பாதிக்குப் பாதி குறையும். "மேடு வந்தா எல்லாரும் இறங்கித் தள்ளணும், இறங்குனவனுக்கு டிக்கெட்டுல கழிவு கிடையாது" என்று தன் அப்பா சொல்வார் என ஆச்சி சிரிப்பாள். அவர்கள் மாட்டியது பிழைப்புக்காக. நாங்கள் மாட்டியது சத்தத்துக்காக. அந்தப் பாட்டியை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வண்டியைக் கடைசியில் சரிசெய்தது பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. ஸ்கேனரைச் சொருகுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, கடைசியா என்னத்த மாட்டுனிய?" எவ்வளவு சரியான கேள்வி! பொருத்தின மறுநாளிலிருந்து வந்த கோளாறு என்றால் பொருத்தின இடத்திலிருந்துதான் தேட வேண்டும். அதற்குள் நாங்கள் பிளக் மாற்றி, பேட்டரி மாற்றி, பெட்ரோல் பங்க் மாற்றி மூவாயிரத்துச் சொச்சம் செலவழித்திருந்தோம்.

அவர் பார்த்த விதத்தை எழுதிவைத்திருக்கிறேன், யாருக்காவது உதவும். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு வால்வின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். கையை உள்ளே இழுத்தது, பொத்தியதும் ஆர்.பி.எம். நிலையாகிவிட்டது. "பாத்தியளா, இது மூடவே இல்ல" என்றார். அதாவது ஸ்பிரிங் லூஸ். பிறகு சின்ன வெற்றிடக் குழாயை ஆராய்ந்தார். வேறு ஏதோ குழாயிலிருந்து கிளை எடுத்து, 'டி' வடிவ இணைப்பில் விரிசலோடு விட்டிருந்தார்கள். ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்து, இன்டர்கூலர் ஹோஸ்களில் எங்கே நுரை வருகிறது என்று பார்த்தார். கடைசியாக, பழைய வால்வின் திரும்பு ஹோஸ் இருந்த துளையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்திருந்ததைக் காட்டினார். "காத்து வெளிய போகுது. ஆனா கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுல்லா?" ரிஜிஸ்டர் கதையை நான் அவருக்குச் சொன்னேன். "சரியாச் சொல்லுதிய தம்பி, என்ன படிக்கிய?" என்றார். பி.காம். என்றதும் நம்பவில்லை!

அழுத்தத்தை அளக்கும் வகைக் கார்களில் வெளியே விடும் வால்வை மாட்டினாலும் இந்தக் காரணத்தால் வண்டி நிற்காது, குடோனுக்குள்ளேயே எண்ணுகிறார்கள் அல்லவா. அண்ணனுக்கு வால்வு விற்றவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே இல்லை. "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்றாராம். இன்னொன்றும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பைக் கம்பெனி சொன்னதிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சின்ன வால்வு அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதிடலாம். ஆனால் அன்று இரவு ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பழைய வால்வு டிக்கியில் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. நல்லவேளை அண்ணன் தூக்கிப்போடவில்லை. அண்ணாச்சி அதையே மாட்டி, புது ஹோஸ் போட்டு, சூடான கம்பி சென்சாரை அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்து கொடுத்தார். கூலியோடு 1,400 ரூபாய். திரும்பி வரும்போது ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அண்ணன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மன்புரம் தாண்டியதும்தான் வாயைத் திறந்தான்: "சத்தமே இல்லையேல..."

அந்த வால்வை இப்போது பாதி விலைக்கு விற்கப் போட்டிருக்கிறான். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் வண்டியில் எந்த சென்சார் என்று நான்தான் விசாரித்தேன். ஒருவருடையது டீசல் வண்டி!